ரமாபாயின் இரண்டு ஆசிரியைகள்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

சம்பளமில்லாத ஊழியம் உங்களுடையது. சனிக்கிழமை ராத்திரி பாடப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஞாயிறு காலையில் முதல் மணி அடிக்கும் முன்பே கோயில் வராண்டாவில் பாய் விரிக்கிறவர்கள் நீங்கள். மே மாத வெயிலில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தித் தொண்டை கட்டிப்போகிறவர்களும் நீங்கள்தான். சபையின் ஆண்டுக் கணக்கில் உங்கள் வகுப்புக்கென்று ஒதுக்கும் தொகையைப் பற்றி இங்கே பேசாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.

பெரிய வகுப்பை எடுப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகிற வயதில் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். மூன்று பேர் எப்படி ஒரே கடவுள்? அம்மாவின் சபையில் முழுக்கு ஞானஸ்நானம், அப்பாவின் சபையில் தெளிப்பு. ஆண்டவருக்கு எது பிரியம்? கூடப் படிக்கிற தோழி அம்மன் கோயிலுக்குப் போகிறவள், என்னைவிட நல்லவள், அவளைத் தள்ளிவிடுவாரா? வகுப்பு அமைதியாகிவிடும். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஆராதனைக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கும். ‘அதெல்லாம் விசுவாசிக்கணும், கேள்வி கேட்கக் கூடாது’ என்ற பதில் அந்த நேரத்தில் வாய்க்கு எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது!

அந்தப் பதில் யாருக்காகச் சொல்லப்படுகிறது, பிள்ளைக்காகவா, ஆசிரியருக்காகவா என்று கேட்பதற்காகவே இந்த மடல். அதற்கு உதவியாக ஒரு மாணவியையும் அவளுடைய இரண்டு ஆசிரியைகளையும் உங்கள் முன் நிறுத்துகிறது. மாணவி உங்களுக்குத் தெரிந்தவர்தான், பண்டித ரமாபாய். பஞ்சத்தில் தவித்த பெண்களைச் சேர்த்தார், ஜெபித்தார், ஆண்டவர் போஷித்தார் என்று பத்து நிமிடத்தில் அவர் கதையைச் சொல்லி முடித்திருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் விட்டுப்போகும் பகுதி ஒன்று இருக்கிறது. 1884க்கும் 1886க்கும் இடையில், இங்கிலாந்தில், அவர் தம் ஆசிரியைகளுக்கு எழுதிய கடிதங்கள் அவை. ஞாயிறு பள்ளியில் கதையாகச் சொல்ல அவை கொஞ்சம் காரமானவை.

முதலில் அந்த மாணவி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலா காட்டில், ஓர் ஆசிரமத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே மராட்டியச் சித்பாவன பிராமணர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் ஆகாது என்ற ஊர் வழக்கத்தை மீறித் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். உடுப்பியில் பண்டிதர்கள் விளக்கம் கேட்டபோது சாஸ்திரங்களிலிருந்தே ஆதாரம் எடுத்துக்காட்டி நியாயம் சொன்னவர் அவர். லட்சுமிபாய் அந்தச் சமஸ்கிருதத்தைத் தம் மகளுக்குக் கற்பித்தார். பிறகு அந்தக் குடும்பம் ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் புராணம் வாசித்து, கேட்டவர்கள் கொடுத்ததில் வாழ்ந்தது. ரமாபாய்க்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லை. நடந்த தூரமும் மனப்பாடம் செய்த சுலோகங்களும்தான் படிப்பு.

1870களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தது. பிச்சை எடுக்கவும் மனம் வரவில்லை, கூலி வேலைக்குப் போகவும் சாதிப் பெருமை விடவில்லை என்று ரமாபாயே பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். இருந்ததையெல்லாம் விற்றுத் தீர்த்தார்கள். கடைசியில் திருப்பதிக் காட்டுக்குள் தண்ணீரும் இலைகளும் ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழமும் தின்று பதினோரு நாள் கிடந்தார்கள். பார்வை இழந்திருந்த தந்தை புனிதத் தீர்த்தத்தில் மூழ்கி உயிரை விடத் தீர்மானித்திருந்தார். மகன் கூலி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதால் அது நின்றது. ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. தாயும் மூத்த சகோதரியும் அடுத்தடுத்துப் போனார்கள்.

தந்தை கடைசியாகக் கடைக்குட்டியை அருகில் அழைத்துச் சொன்னதை ரமாபாய் சாகும்வரை மறக்கவில்லை. உன்னைக் கடவுளின் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறேன், நீ அவருக்கே சொந்தம், ஆயுள் முழுக்க அவருக்கு மட்டுமே ஊழியம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னவர் ஒரு வைஷ்ணவ பக்தர். கேட்டவள் பின்னால் கிறிஸ்தவளானாள். ஆனால் ‘அவருக்கு மட்டுமே’ என்பதை அவர் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டார் என்பதில்தான் அடுத்து வரும் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அண்ணன் ஸ்ரீநிவாஸும் தங்கையும் வடக்கே நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். சமஸ்கிருதத்தில் அந்தப் பெண்ணைச் சோதித்துப் பார்த்த அறிஞர்கள் ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் கொடுத்தார்கள். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் ரமாபாய், தம் சாதியைச் சேராத வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி தாஸ் மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மகள் மனோரமா பிறந்தாள். 1882 தொடக்கத்தில் காலராவில் கணவரும் போய்விட்டார். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு ஒரு விதவை.

அந்த விதவை மூலையில் முடங்கவில்லை. பூனாவில் ஆர்ய மஹிளா சமாஜத்தைத் தொடங்கினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். ஒரு புத்தகம் எழுதி, அது விற்ற பணத்தில் 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மருத்துவம் படிக்கும் ஆசை இருந்தது. காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் அது நிறைவேறவில்லை.

வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் ஒன்று அவருக்கு இடம் கொடுத்தது. மதம் மாறப்போவதில்லை என்று சொல்லிவிட்டே அவர் அங்கே போனார். அந்தச் சகோதரிகள் லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் நடத்திய இல்லத்தைப் பார்த்தபிறகு மனம் அசைந்தது. ‘கெட்டுப்போனவள்’ என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அங்கே வீட்டுப் பிள்ளைகளைப்போல நடத்தினார்கள். இப்படிப்பட்டவளுக்கு இரக்கம் காட்டச் சொல்லும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். யோவான் சுவிசேஷத்தில் சமாரியப் பெண்ணின் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார்கள். 1883 செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

நம் பாடப் புத்தகங்களில் கதை இங்கே சுபமாக முடிந்து, அடுத்த பக்கத்தில் நேரே பஞ்ச நிவாரணத்துக்குத் தாவிவிடும். உண்மையில் சண்டை இங்கேதான் தொடங்கியது.

முதல் ஆசிரியை, சகோதரி ஜெரால்டீன். ரமாபாயின் ஞானத்தாய், அவரை உண்மையாக நேசித்தவர். ஞானஸ்நானம் பெற்ற மகள் சபையின் போதனையைச் சபை சொன்னபடி ஏற்பாள் என்று எதிர்பார்த்தார். ரமாபாயோ ஒவ்வொன்றையும் எடுத்து வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். திரித்துவத்தைக் கேட்டார். கன்னிப் பிறப்பைக் கேட்டார். குறிப்பாக, சொன்னபடி விசுவாசிக்காதவர்களுக்கு நித்திய அழிவு என்று எச்சரிக்கும் அதனாசியு விசுவாசப் பிரமாணம் அவர் தொண்டையில் இறங்கவில்லை. இங்கிலாந்தில் எத்தனை சபைகள், ஒவ்வொன்றும் வேதத்தைக் காட்டியே பேசுகிறது, நான் எதைப் பிடிப்பது என்றும் கேட்டார். உங்கள் வகுப்புப் பிள்ளையின் கேள்விதான். நூற்று நாற்பது ஆண்டு மூத்தது.

சண்டை உபதேசத்தோடு நிற்கவில்லை. ரமாபாய் வாழ்நாள் முழுக்கச் சைவம். மடத்துச் சாப்பாட்டில் அவர் ஒதுக்கியவற்றைப் பார்த்து, இது பழைய சாதிப் பெருமை என்றார் ஜெரால்டீன். பலகாரத்திலும் வெண்ணெயிலும்கூட என் பெருமையைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்ற தொனியில் ரமாபாய் குத்தலாகப் பதில் எழுதினார். அணிந்துகொள்ளும்படி கொடுத்த சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, எங்கள் சமஸ்கிருதம் ஆண்டவருக்கு ஆகாதா என்று ஒரு கடிதம். குழந்தை மனோரமாவுக்கு, தனக்கே தெளியாத மறைபொருள்களைக் கற்பிக்கக் கூடாது என்று இன்னொரு கடிதம். ஒரு தாய் இதைக் கேட்பதில் என்ன குற்றம் என்று நமக்குத் தோன்றும். அன்றைய மடத்துக்கு அது கீழ்ப்படியாமை.

உச்சக்கட்டம் வேறு ஒன்றில் வந்தது. 1884இல் செல்டனம் பெண்கள் கல்லூரிக்குப் படிக்கப் போன ரமாபாய், ஆண் மாணவர்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் பேராயர்கள் பதறினார்கள். செய்தி இந்தியாவுக்கு எட்டினால் இந்துக்கள் மத்தியில் அவர் மதிப்புக் கெடும் என்றார்கள். என் தாய் ஆண் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதை என் தந்தை தடுக்கவில்லை, நான் சொன்னதை என் கணவர் தடுக்கவில்லை, ஆங்கிலேயர்கள் தடுப்பது வியப்பாக இருக்கிறது என்பது ரமாபாயின் பதில். அதோடு விடவில்லை. எனக்கென்று மனசாட்சியும் அறிவும் தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. அரும்பாடுபட்டு இந்தியப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து வெளியே வந்தவள் நான். புரோகிதர் வாயிலிருந்து வருவதையெல்லாம் உன்னதமானவரின் கட்டளை என்று ஏற்று இன்னொரு நுகத்துக்குள் கழுத்தைக் கொடுக்கத் தயாராக இல்லை என்று எழுதினார்.

இதைக் கர்வம் என்று வாசித்தார் ஜெரால்டீன். இன்றும் நம் பாஸ்டரேட் கமிட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் வாசிக்கும்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. சோறு, வீடு, படிப்பு, குழந்தையின் பராமரிப்பு எல்லாமே அந்த மடத்தின் தயவில். எழுதுகிறவள் அந்நிய நாட்டில் இருக்கும், காது மந்தமான விதவை. ஊரில் திரும்பிப் போக வீடில்லை. மதம் மாறியதால் பழைய நண்பர்களும் விலகிவிட்டார்கள். கூடவே கப்பலில் வந்த தோழி வான்டேஜில் தற்கொலை செய்துகொண்ட துயரம் வேறு. இந்த நிலையில் இருக்கிறவர்கள் பொதுவாகத் தலையாட்டுவார்கள். நம்பிப் பிழைக்க மனிதர்கள் மட்டுமே இருந்தால் தலையாட்டித்தான் ஆக வேண்டும். ரமாபாய் ஆட்டவில்லை என்றால், தன்னைத் தாங்குகிற கை மடத்தின் கை மாத்திரம் இல்லை என்று உறுதியாக நம்பியிருக்க வேண்டும். தந்தை ஒப்புக்கொடுத்த கை அவருக்கு நினைவிருந்தது. விசுவாசம் குறைந்ததால் கேள்வி வந்தது என்று ஜெரால்டீன் நினைத்தார். விசுவாசம் இருந்ததால்தான் கேட்கத் துணிவு வந்தது என்பதே இம்மடலின் வாதம்.

இரண்டாவது ஆசிரியை டொரோதியா பீல். ரமாபாய் பிறந்த அதே 1858இல் செல்டனம் கல்லூரியின் தலைமையை ஏற்று, 1906இல் இறக்கும்வரை அதை நடத்தியவர். ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஹில்டா கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே. ஆழ்ந்த ஆங்கிலிக்கன் பக்தை. ஆனால் தாமே ஐயங்களின் ஊடாக நடந்து வந்தவர். ரமாபாயின் கேள்விகள் அவர் மேசைக்கு வந்தபோது, முதலில் கேட்டார். பிறகு நீளமாக, பொறுமையாக, பதிலுக்குப் பதில் எழுதினார். தமக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும், விளங்காததை விளங்காதது என்றும் எழுதினார். சபைத் தலைவர்களிடம் அவர் வாதாடியது இப்படி: இந்தப் பெண் தத்துவத்தில் வளர்ந்தவள். வரலாற்றில் நடந்தது, ஆகவே ஏற்றுக்கொள் என்று சொன்னால் போதாது. கிறிஸ்தவம் அவள் மனசாட்சிக்கும் சரியென்று பட வேண்டும். அதற்கு அவகாசம் கொடுங்கள்.

பீல் அம்மையார் ரமாபாயின் எல்லாச் சந்தேகங்களையும் தீர்த்துவிடவில்லை. அது அவர் வேலையும் இல்லை. ஒரு மாணவி சபையை விட்டு ஓடிப்போகாமல் நின்று யோசிப்பதற்கு ஓர் இடம் வைத்திருந்தார், அவ்வளவுதான். நீந்தக் கற்றுக்கொள்கிற பிள்ளையின் வயிற்றுக்கடியில் கையை வைத்து, பிடிக்காமல் விடுகிற தாமிரபரணிக்கரை அப்பாக்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி.

ஜெரால்டீனை வில்லியாக்கிவிடுவதும் நியாயமில்லை. அத்தனை கோபத்துக்கும் பிறகு அவர் உறவை அறுக்கவில்லை. ரமாபாயும் அவரைக் கடைசிவரை மராட்டிப் பாட்டி முறையில் ‘ஆஜிபாய்’ என்று செல்லமாக அழைத்தார். தம்மை எதிர்த்து எழுதப்பட்ட கடிதங்களைக் கிழித்துப் போடாமல் காத்துத் தொகுத்து வைத்தவரும் அந்தச் சகோதரியே. 1977இல் ஏ. பி. ஷா பதிப்பித்துப் புத்தகமாக வந்ததால்தான் இன்று இந்தச் சண்டை நமக்குத் தெரிகிறது. தன்னைத் தோற்கடித்த கடிதங்களைப் பாதுகாத்து வைக்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1886இல் அமெரிக்கா போனார் ரமாபாய். அடுத்த ஆண்டு உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றிய அவருடைய ஆங்கிலப் புத்தகம் வந்தது. பாஸ்டனில் அவர் பெயரால் ஒரு சங்கம் அமைந்து, பத்து ஆண்டுகளுக்குப் பண உதவி செய்வதாக ஏற்றது. அந்த உதவியோடு 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் ‘சாரதா சதன்’ என்ற விதவைகள் பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டு அது பூனாவுக்கு மாறியது. மதப் பிரசாரம் இல்லை, சாதி ஆசாரத்தை விரும்புகிறவர்கள் கடைப்பிடிக்கலாம் என்பது ஏற்பாடு. இந்துச் சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள்.

ரமாபாய் தினமும் தம் அறையில் ஜெபிப்பார். கதவைச் சாத்த மாட்டார். சில பெண்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஊர் கொதித்தது. திலகரின் ‘கேசரி’ பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. 1893இல் ரானடேயும் பண்டார்க்கரும் குழுவிலிருந்து விலகினார்கள். பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தினால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ரமாபாய் சாத்தவில்லை. பெண்களை உள்ளே இழுக்கவும் மாட்டேன், வருகிறவளைத் தடுக்கவும் மாட்டேன் என்பது அவர் நிலை. இந்துப் பெற்றோரின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. ஆதரவற்ற ஒரு பெண், தனக்குச் சோறும் அன்பும் தருகிறவரின் கடவுளை நோக்கித் திரும்புவது எவ்வளவு தூரம் சுதந்திரமான தேர்வு? ரானடே போன்ற நேர்மையாளர் காரணமில்லாமல் விலகியிருக்க மாட்டார்.

மறுபக்கத்தில் கோதுபாயின் கதை இருக்கிறது. சாரதா சதனில் முதன்முதலில் சேர்ந்த இளம் விதவைகளில் ஒருவர். அங்கே படித்தார். இந்துவாகவே இருந்தார். 1893இல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்து ஆனந்திபாய் கார்வே ஆனார். பெண் கல்விக்காகப் பாரத ரத்னா வரை போன அதே கார்வேதான். ரமாபாயின் கதவு வழியாக உள்ளே வந்தவர்களும் உண்டு, வெளியே நடந்தவர்களும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. நம் மிஷனெரிக் கதைகளில் கோதுபாய்கள் வருவதே இல்லை. ஞானஸ்நானத்தில் முடியாத கதை நமக்குச் சாட்சியாகத் தெரிவதில்லை போலும்.

வேடிக்கை என்னவென்றால், ரமாபாய் தம் மனந்திரும்புதலை 1883இல் வைக்கவில்லை. கிறிஸ்தவ மதம் அப்போது கிடைத்தது, கிறிஸ்து ஏறக்குறைய எட்டு ஆண்டு கழித்து 1891 வாக்கில்தான் கிடைத்தார் என்று தம் சாட்சி நூலில் சொல்கிறார். செல்டனம் கேள்விகளெல்லாம் அந்த எட்டு ஆண்டுக்குள் அடக்கம். அவற்றை யாராவது வாயை அடைத்து நிறுத்தியிருந்தால் 1891 வந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் திடப்படுத்தல் வகுப்பை ஆறு வாரத்தில் முடித்துச் சான்றிதழ் கொடுக்கிற நாம் யோசிக்க வேண்டிய கணக்கு அது.

இனி, கடவுளை நம்பியிருத்தல் என்ற பகுதிக்கு வரலாம். நீங்கள் பிள்ளைகளுக்கு ஆசையாகச் சொல்வது இதைத்தான்.

சீன உள்நாட்டு மிஷனின் வரலாறு, பிரிஸ்டலில் யாரிடமும் பணம் கேட்காமல் அனாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லரின் வரலாறு, மிஷனெரி ஜான் பேட்டனின் வரலாறு ஆகிய மூன்றையும் படித்துவிட்டு, அந்த நாடுகளில் முடிந்தது இந்தியாவில் முடியாதா என்று ரமாபாய் யோசித்தார். பாஸ்டன் சங்கத்தின் பத்து ஆண்டு முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் செய்தது இரண்டு காரியங்கள். ஜெபித்தார். கூடவே பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற ஊரில் நிலம் வாங்கிப் பழமரம் வைத்தார், கிணறு வெட்டினார். தோட்டத்து வருமானம் பள்ளிக்கு உதவும் என்று கணக்குப் போட்டார். ஜெபக் கதை நம் பாடத்தில் இருக்கிறது, கிணற்றுக் கதை இல்லை. விசுவாசம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று பிள்ளைகள் புரிந்துகொள்வதற்கு இந்த மாதிரி வெட்டுகளே காரணம். பரீட்சைக்குப் படிக்காமல் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போடுகிற பிள்ளையை உங்களுக்குத் தெரியும்.

1896-97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். செய்தியைப் படித்த ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு கண்முன் வந்திருக்க வேண்டும். நேரே அங்கே போனார். சுமார் முந்நூறு பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். பூனாவில் அப்போது பிளேக். கூட்டத்தை நகரில் வைக்க முடியாது. பழமரம் வைத்த கேட்காவ் நிலம்தான் புகலிடமாயிற்று. அவருடைய முக்தி மிஷன் என்ற இல்லம் அங்கே அப்படித்தான் வளர்ந்தது. 1900இன் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். நெசவு, எண்ணெய்ச் செக்கு, அச்சகம், பார்வையற்றோருக்குப் பிரெய்ல் வகுப்பு என்று அது ஒரு சிற்றூராகவே ஆகிவிட்டது.

அதே 1897இல் இன்னொன்றும் நடந்தது. பிளேக் தடுப்பு என்ற பெயரில் பூனாவின் அரசு மருத்துவமனைகளில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து ரமாபாய் ‘பாம்பே கார்டியன்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பம்பாய் ஆளுநர் அதை மறுத்தார். விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. ஆள்பவர்கள் கிறிஸ்தவர்கள், பண உதவி கிறிஸ்தவர்களிடமிருந்து, எழுதுகிறவரும் கிறிஸ்தவர். வாயை மூடிக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்தது. பேராயர்களின் தடைக்குச் செல்டனத்தில் பதில் எழுதிய அதே பேனா அரசைக் கண்டித்தும் எழுதியது.

1905இல் முக்தியில் எழுப்புதல் வந்தபோது பெண்கள் அழுது, சத்தமிட்டு, ஒரே நேரத்தில் ஜெபித்தார்கள். மேற்கத்திய மிஷனெரிகள் சிலர் முகம் சுளித்தார்கள். பிற நாட்டுக் கிறிஸ்தவர்கள் மத்தியில் தம் விருப்பப்படி செயல்படுகிற பரிசுத்த ஆவியானவருக்கு இந்தியர்கள் மத்தியில் மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை என்று அவர்களுக்காக வாதாடினார் ரமாபாய். இந்த எழுப்புதல் பாணி எல்லோருக்கும் ஒத்துவரும் என்பதில்லை. அமைதியான ஆராதனையில் வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே படும். ரமாபாய் அந்தச் சத்தத்தைக் கட்டளையாக்கவில்லை, அனுமதித்தார். ஒரு நிறுவனத்தின் தலைவர் அனுமதிப்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

கடைசி ஆண்டுகளை எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் செலவிட்டார். சாதாரணப் பெண்ணுக்கும் புரியும் மராட்டியில் வேதாகமம் முழுவதையும் மூலமொழிகளிலிருந்து மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்கள் எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்ட மாணவி, மற்றவர்களும் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்று வேதத்தையே கையில் கொடுத்துவிட்டார். 1921இல் மகள் மனோரமா தாய்க்கு முன்னே போய்ச் சேர்ந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் காலமானார்.

அன்பானவர்களே, ஒரு கடினமான இடத்தை இந்த மடல் தாண்டிப் போகக் கூடாது. முக்திக்கு வந்த பஞ்சக் குழந்தைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள். பசியோடு வந்த எட்டு வயதுச் சிறுமிக்கு, செல்டனத்தில் ரமாபாய் கேட்டு வாங்கிய உரிமை எந்த அளவுக்குக் கிடைத்தது? மகளுக்கு எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக் கூடாது என்று சண்டை போட்ட தாய், இரண்டாயிரம் மகள்களுக்குத் தாமே தீர்மானிக்க வேண்டிய இடத்துக்கு வந்தார். அவர் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளில் பலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மை. அந்த உண்மை கேள்வியை அடைத்துவிடாது. சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் இதை ஒரு முறை எடுத்துப் பேசிப் பாருங்கள். ஒருமித்த முடிவு வராது. வராமல் போவதில் நஷ்டமும் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த வி.பி.எஸ்.ஸில் ரமாபாயை எடுத்தால் ஒரு நாளில் முடிக்காதீர்கள். இரண்டு நாள் கொடுங்கள். முதல் நாள் கேட்காவ், பஞ்சம், கிணறு, அச்சகம். இரண்டாம் நாள் செல்டனம். அவர் கேட்டவற்றில் இரண்டு மூன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேர் எழுதாத துண்டுச் சீட்டு கொடுத்தால் வரும். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயரிடம் கொடுங்கள். அவரும் கொஞ்சம் உட்கார்ந்து படிக்கட்டும்.

அன்புடன்,
பின்வரிசைப் பாயில் உட்கார்ந்து வளர்ந்த ஒருவர்